டபிள்யூ என்றால் தண்ணீர்

மாத்தளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி சென்ற மாதம் என்னை வழியில் நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டார். "அண்ணே, ரத்தோட்டைப் பக்கத்து வயசான டிரைவர்மாரு வந்து பனி ஒயில் தாங்கன்னு கேக்குறாங்க. அப்படி ஒரு சாமான் எங்க லிஸ்ட்டுலயே இல்ல. என்னத்த எடுத்துக் குடுக்குறது?"

இரண்டு நம்பருக்கு நடுவில் டபிள்யூ போட்ட டின்னை எடுத்துக் கொடுங்கள் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அந்தப் பெயர் எந்தப் பட்டறையில், என்ன நிலையில் பிறந்தது என்பதைச் சொல்ல ஒரு வரி போதாது. அன்று அங்கிருந்தவர்களில் லொறி ஓட்டியவன் நான். அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில், யாழ்ப்பாண றோட்டோரத்துக் கராஜ் ஒன்றில். அங்கே கழுவியதும் துடைத்ததும்தான் அதிகம். பிறகு ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி டிரைவராகவும் பட்டறை உதவியாளாகவும் சேர்ந்தேன். நாலந்தாவில் வெயிலைத் தவிர வேறெதையும் அறியாதவனுக்கு அந்த மலை புதிது. மார்கழி பிறந்தால் காலையில் கைவிரல் மடங்காது. திருகாணியைப் பிடித்தால் இரும்பு தோலைக் கடிக்கும். மனிதனுக்கு அப்படியென்றால் இஞ்சினுக்கு எப்படி என்பதை எனக்குக் காட்டியவர் அந்தோனி பாஸ்.

பட்டறைக்குத் தலைவர் அவர்தான்; மெக்கானிக்கை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தோலிக்கர், மனைவியை இழந்தவர், ஒரே மகள் ஸ்டெல்லா. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் முதலில் லொறியின் முன்மூடியைத் தூக்குவார். ஒயில் அளவுக்கம்பியை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு இழுப்பார். முதல்தரம் இழுத்ததை நம்பமாட்டார். நுனியில் தொங்கும் துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, விரல்களை மெல்லப் பிரிப்பார். ஒயில் நூல்போல இழுபட வேண்டும். உடனே அறுந்தால் அது செத்த ஒயில். கடைசியில் மூக்கருகே கொண்டு போவார். டீசல் வாடை அடித்தால் "ம்" என்பார். அந்த "ம்"முக்கு நாங்கள் பயந்த மாதிரி தோட்டத்துத் துரையின் ஏச்சுக்குக்கூடப் பயந்ததில்லை.

ஒயிலுக்கு அப்போது ஒரே நம்பர்தான். முப்பது என்றால் மெல்லியது, நாற்பது நடுத்தரம், ஐம்பது தடித்தது. எங்கள் லொறி தேய்ந்துபோன இஞ்சின், புகை தள்ளும். அதனால் பாஸ் ஐம்பதுதான் ஊற்றுவார். "கெழவிக்குப் பல்லு இல்ல. கஞ்சி தடிப்பா இருந்தாத்தான் வயித்துல நிக்கும்" என்பார். அது சரியான பேச்சுத்தான், வெயில் நேரத்தில். பனிக்காலக் காலையில் அதே ஐம்பது, கித்துள் பாணியாக, காய்ச்சிய பாகுபோல இறுகிவிடும். ஸ்டார்ட்டர் முனகும், சுற்றாது. ஆகவே அந்த மலையில் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. லொறியை இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவோம். சில்லுக்குக் கல் வைப்போம். காலையில் கல்லை எடுத்து, உருள விட்டு, கிளச்சை விட்டால் இஞ்சின் பிடிக்கும். சமதரையில் லொறி நிறுத்துகிறவனை அங்கே டிரைவர் என்றே சொல்லமாட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து புது மாதிரி ஒயில் ஒரு பீப்பாயும் சில டின்களும் வந்தன. மேலே 15W-40 என்று அச்சடித்திருந்தது. அதுவரை அந்த எழுத்தை ஒயிலின் மேல் நாங்கள் கண்டதில்லை. ஸ்டோர் பார்த்த சிங்களவர் பண்டா ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வாசித்தார்.

"பதினஞ்சு பங்கு வாட்டர், நாப்பது பங்கு ஒயில்" என்றார் நல்ல தமிழில். "இங்கிலீசுல வாட்டர், சிங்களத்துல வதுர. எதுல பாத்தாலும் டபிள்யூதானே. நாட்டுல இருக்கிற தட்டுப்பாட்டுக்குத் தண்ணி கலந்து அனுப்பியிருக்கான்."

இன்று சிரிப்பு வரும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தோனி பாஸ் முகம் இருண்டுவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். முன்பு அவர் வேலை செய்த வேறொரு தோட்டத்தில் ஃபாக்டரி இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி, ஒயில் பால் தேத்தண்ணி நிறமாகி, பேரிங் இறுகி இஞ்சின் நின்றுபோனது. பழி அவர்மேல் விழுந்தது; வேலையும் போனது. அன்றைக்குப் பிறகு, ஒயிலும் தண்ணீரும் என்ற பேச்சை எடுத்தாலே அவர் கை துணியைத் தேடும். பீப்பாயைப் பட்டறை மூலைக்கு உருட்டச் சொன்னார். சாக்குக்கட்டியால் அதன்மேல் பெரிதாக எழுதினார்: தண்ணி. தொடாதே.

எண்பதுகளின் கடைசி அது. நாடு கெட்டுக் கிடந்தது. கடையைத் திறக்காதே, பஸ்ஸை ஓட்டாதே என்று சிங்களக் கிளர்ச்சிக்காரர்கள் துண்டு நோட்டீஸ் போட்டார்கள். மீறி ஓடிய பஸ் எரிந்தது. அதற்கு ராணுவத்தின் பதிலாக மறுநாள் றோட்டோரத்தில் என்ன கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாங்கள் இரண்டு பக்கத்திலும் சேராதவர்கள். அதனால் இரண்டு பக்கமும் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது. இரவு முழுக்க ஊரடங்கு. தோட்டத்துக்குக் கீழே பாலத்தடியில் ராணுவச் சோதனைச்சாவடி.

அந்த மார்கழியில்தான் ஸ்டெல்லாவுக்கு ஓ.எல். என்ற அரசாங்கப் பரீட்சை. தோட்டத்திலிருந்து அந்த வருடம் எழுதியவர்கள் நான்கே பேர்; நால்வருமே பெண் பிள்ளைகள். பரீட்சை நடப்பது மாத்தளை டவுனில். பஸ் இல்லை. டவுனில் தங்கவைக்கலாம் என்றால், அந்தக் காலத்தில் தெரியாத பிள்ளைகளை வீட்டுக்குள் விட ஒருவரும் துணியவில்லை. துரை லொறியைத் தந்தார். ஊரடங்கு எடுத்த பிறகுதான் கிளம்பலாம்; மணி அடித்து அரை மணித்தியாலம் கடந்தால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். இரண்டுக்கும் இடையில் அந்த மலைப்பாதை முழுவதும் இறங்கியாக வேண்டும். ஒரு பாடம் தவறினால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த வருடம் என்று ஒன்று வருமா என்பதே அப்போது நிச்சயமில்லை. ஏற்கெனவே ஸ்டெல்லாவைக் கொழுந்து பறிக்க அனுப்பச் சொல்லிக் கங்காணி இரண்டுதரம் கேட்டிருந்தார்.

முதல் பரீட்சை அன்று கல்லை எடுத்தோம். ஈரத் தாரில் லொறி உருண்டது. கிளச்சை விட்டேன். இஞ்சின் சுற்றவில்லை, பின் சில்லுகள்தான் இறுகி வழுக்கின. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வளைவுக்குச் சற்று முன்னால் பிடித்தது. பாஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் இஞ்சின் சூடேறுவதற்குள் பாலம் வந்துவிட்டது. அங்கே ஒழுங்கு கடுமையானது. இஞ்சினை நிறுத்த வேண்டும், எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். நின்றோம். ஆற்றுக்காற்று முகத்தை அறுத்தது. தேடி முடித்துப் போகச் சொன்னபோது சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல், அவ்வளவுதான். பாலத்தடி தட்டையான இடம். உருள வழியில்லை.

காவலில் நின்ற இளம் சிப்பாய் துவக்கைத் தோளிலிருந்து கைக்கு மாற்றினான். "நல்ல இடமாப் பாத்துத்தான் லொறிய நிப்பாட்டியிருக்க" என்றான் சிங்களத்தில். "பின்னால யாரு வாறாங்க?"

"யாரும் இல்ல மாத்தயா" என்றேன்; சிங்களத்தில் ஐயா என்பதற்கு அதுதான். "குளிரு. ஒயில் இறுகிருச்சு."

"ஒயில் இறுகுமா? எந்த ஊருக் கதை இது?"

வெள்ளைச் சட்டையோடு நான்கு பிள்ளைகளும் லொறியைத் தள்ளினார்கள். பாஸும் தள்ளினார். எதிரே வந்த பால் வண்டிக்காரர் இறங்கிக் கை கொடுத்தார். பாலத்தைத் தாண்டியதும் தொடங்கும் சரிவுவரை தள்ளிய பிறகுதான் இஞ்சின் உயிர் பெற்றது. மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரம் கண்ணில் பட்டபோது மணி அடித்து நேரமாகிவிட்டது. பிள்ளைகள் ஓடினார்கள். அவர்கள் நுழைந்த பின்னால் காவலாளி கேட்டைச் சாத்தியதை நான் பார்த்தேன். ஸ்டெல்லாவின் சட்டை முதுகில், லொறியின் கறுப்பு மசகு ஒரு கை அகலத்துக்கு அப்பியிருந்தது.

அடுத்த பாடம் ஒரு நாள் விட்டு. அன்று மாலை பட்டறையில் பாஸும் நானும் மட்டும் இருந்தோம்.

"மண்ணெண்ணெய் கொஞ்சம் கலப்போமா பாஸ்?" என்றேன். பல டிரைவர்கள் செய்வதுதான்.

"கலந்தா காலையில சுத்தும். ஏத்தத்துல பேரிங்கத் தின்னுரும். அப்புறம் மத்தப் பாடத்துக்கு எதுல போறது?"

"அடியில நெருப்புச் சட்டி வெச்சுச் சூடாக்கினா?"

"ஊரடங்கு நேரத்துல வெளிய நெருப்பா? கீழருந்து பாத்தாங்கன்னா மேல வந்து என்னா ஏதுன்னு கேக்கமாட்டாங்க. ஊரடங்கு எடுத்தப்புறம் வெச்சா நேரம் பத்தாது."

பிறகு இருவருமே மூலையிலிருந்த பீப்பாயைப் பார்த்தோம். நான்தான் கேட்டேன். "தண்ணியா இல்லையான்னு சுட்டுப் பாத்தாத் தெரிஞ்சுரும்ல பாஸ்?"

"எழுதியே இருக்கு. அத வேற சுடணுமா?" என்றார். ஆனால் எழுந்தார்.

ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்பின் இரும்புக் கதவு எப்போதும் சூடாக இருக்கும். ஒரு தகட்டை அதன்மேல் வைத்துக் காயவிட்டோம். முதலில் பாஸ் ஐம்பதில் ஒரு துளியும் அதன்மேல் அரைத்துளி தண்ணீரும் விட்டார். சடசடவென்று வெடித்து அவர் கையில் தெறித்தது. துடைத்துக்கொண்டு, தகட்டைத் திருப்பிப்போட்டு, பீப்பாய் ஒயிலில் ஒரு துளி விட்டார். அது பரந்தது, புகைந்தது, சத்தமே இல்லை. இன்னொரு துளி. சத்தமில்லை. பீப்பாயின் அடியிலிருந்து குழாய் விட்டு எடுத்துவரச் சொன்னார், தண்ணீர் இருந்தால் அடியில்தான் இருக்கும் என்று. அதுவும் வெடிக்கவில்லை.

"தண்ணி இல்லன்னா அப்ப எதுக்கு டபிள்யூ?" என்று தகட்டைப் பார்த்தே கேட்டார்.

அதோடு அவர் நம்பிவிடவில்லை. இரண்டு சாராயப் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, ஒன்றில் ஐம்பதும் மற்றதில் பீப்பாய் ஒயிலும் பாதிவரை ஊற்றி, தக்கை அடைத்து, இருட்டுவதற்கு முன் பட்டறையின் வெளிச் சுவர் மாடத்தில் வைத்தார். விடிந்து ஊரடங்கு எடுத்ததும் போய்ப் பார்த்தோம். போத்தல்களின் மேல் பனி வியர்த்திருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் சரித்துப் பிடித்தார். பீப்பாய் ஒயில் கழுத்துவரை வழிந்து வந்துவிட்டது. ஐம்பது, எழுந்து வர மனமில்லாதவனைப்போல அடியிலேயே கிடந்து, பிறகு மெல்ல நகர்ந்தது. அவர் திரும்பவும் நிமிர்த்தினார், திரும்பவும் சரித்தார். வழக்கமான "ம்" வரவில்லை.

"கெழவியச் சூடாக்கு" என்றார். "பழச எறக்குவோம்."

இஞ்சினை ஓடவிட்டு, சூட்டோடு பழைய ஒயிலை வடியவிட்டு, ஃபில்டரை மாற்றி, புதியதை ஊற்றினோம். அந்த நாள் முழுவதும் இடையிடையே அவர் இஞ்சினை ஓட்டுவார், நிறுத்துவார், அளவுக்கம்பியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பால் தேத்தண்ணி நிறம் தேடினார். வரவில்லை. புகை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. வழியில் குறைந்தால் ஊற்ற ஒரு டின்னை என் ஆசனத்தடியில் வைத்தார். அதை அவர் "தண்ணி ஒயில்" என்றேதான் சொன்னார்.

அடுத்த காலை லொறி அதே இறக்கத்தில்தான் நின்றது. கல்லை எடுத்ததும், கிளச்சை விட்டதும் ஒன்றாக இருந்தது. முதல் உருளலிலேயே பிடித்தது. பின்னால் ஒரு பிள்ளை "மாதாவே" என்றது. பாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சாவடியில் நிறுத்திய பிறகு என்ன என்பதுதான் அவர் மனதில் இருந்தது என்று நினைக்கிறேன். என் மனதிலும் அதுதான்.

அதே சிப்பாய். இஞ்சினை நிறுத்தச் சொன்னான். இறங்கினோம். லொறிக்குள் தேடியவன் ஆசனத்தடியிலிருந்த டின்னை வெளியே எடுத்தான்.

"இது என்ன?"

"ஒயில் மாத்தயா" என்றார் பாஸ்.

"பஸ் கொளுத்துறவனும் டின்னோடதான் போறான்." மூடியைத் திறந்து முகர்ந்தான். வாடையில் அவனுக்குத் திருப்தி இல்லை. "ஒயில்னா இவ்வளவு தண்ணியா இருக்குமா? என்ன ஒயில்?"

பயத்தில் மனிதனுக்குப் பழகிய வார்த்தைதான் வாயில் வரும். "வதுர ஒயில்" என்றுவிட்டார் பாஸ்.

சிப்பாய் சிரிக்கவில்லை. "வதுரவா? தண்ணியா? அப்ப குடி."

டின்னை அவர் கையில் வைத்தான். துவக்கின் முனை கீழேதான் பார்த்தது. ஆனால் விரல் இருந்த இடத்தை நான் கண்டேன். பிள்ளைகள் நால்வரும் வரிசையில் நின்றார்கள். ஸ்டெல்லா பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தகப்பனையே பார்த்தாள். குடித்தாலும் கேடு, மறுத்தாலும் கேடு. கூடவே நேரமும் போய்க்கொண்டிருந்தது. பாஸ் மகளைப் பார்க்கவில்லை. துணியை எடுத்து டின்னின் வாயைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கினார். அது உதட்டில் பட்டுவிட்டது.

"என்னடா அங்க?"

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு இருந்த சார்ஜன்ட் எழுந்து வந்தார். நடுவயதுக்காரர். கேட்காமலே டின்னை வாங்கித் திருப்பி, எழுத்தைப் பார்த்தார்.

"இதத் தண்ணின்னு யாரு சொன்னது?"

பாஸின் உதட்டில் ஒயில் மினுங்கியது. "டபிள்யூ போட்டிருக்கு மாத்தயா. வாட்டர்னு நெனச்சோம்."

"வாட்டர் இல்ல பாஸ். வின்டர். எங்க வண்டிக்கும் இதுதான் ஊத்துறோம். வெள்ளக்காரன் நாட்டுல பனி கொட்டுற காலம் இருக்குல்ல, அது. முன்னால இருக்கிற நம்பர் குளிருக்கு, பின்னால இருக்கிறது சூட்டுக்கு." பிறகு எங்கள் ஈரச் சட்டைகளையும் ஆற்றின்மேல் நின்ற மூட்டத்தையும் ஒருமுறை பார்த்தார். "இந்த எடத்துக்கு ஒத்துவரும்."

டின் திரும்பக் கைக்கு வந்தது. ஆனாலும் அவர் வழியை விடவில்லை. "எடு பாப்போம். போன தடவை இங்க நின்ன லொறிதானே இது? இந்தத் தடவையும் நின்னா ஆளும் லொறியும் இங்கதான்."

ஏறினேன். பாஸ் ஏறவில்லை, தள்ளத் தயாராகப் பின்னால் போய்க் கைகளை வைத்துக்கொண்டார். பிள்ளைகளும் வைத்தார்கள். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் முனகியது; ஒரு கணம் அதே பழைய முனகல்தான். பிறகு அது சுழன்றது. தடங்கலில்லாமல், தொடர்ந்து சுழன்றது. இஞ்சின் பிடித்து, ஒரு கறுப்புப் புகையைப் பாலத்தின்மேல் தள்ளியது. பின்னால் வைத்த கைகளுக்கு வேலை இருக்கவில்லை.

மண்டபத்துக்கு மணி அடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். ஸ்டெல்லா இறங்கியதும் தன் கைலேஞ்சியைத் தகப்பனிடம் நீட்டினாள். அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். எஞ்சிய பாடங்களுக்கும் அதே லொறி, அதே ஒயில். ஒருநாளும் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஸ்டெல்லா பரீட்சையில் சித்தியடைந்து ஆசிரியையானாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கங்காணி மூன்றாம் தரம் வந்து கேட்கவில்லை.

அந்த இரண்டாம் பாடத்தன்று திரும்பும்போது முன்னாசனத்தில் பாஸ், ஸ்டெல்லா, நான் மூவரும் இருந்தோம். சாவடியைத் தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகுதான் அவள் கேட்டாள். "அப்பா, அந்த சார்ஜன்ட் வராட்டி குடிச்சிருப்பீங்களா?"

அவர் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார்.

"தண்ணிதானேம்மா" என்றார். "எழுதியே இருந்துச்சே."

அவள் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். அவர் தன் கையை அவள் தலையில் வைத்தார். நான் கியரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

தோட்டம் வந்ததும் அவர் நேரே பட்டறைக்குள் போனார். பீப்பாயில் இருந்த எழுத்தைப் பஞ்சுக் கழிவால் அழித்தார். தகரம் ஈரமாக இருந்ததால் சாக்குக்கட்டி பிடிக்கவில்லை. உள்ளங்கையால் தேய்த்துக் காயவைத்து, பிறகு ஒரே சொல் எழுதினார்: பனி. வின்டருக்கு எங்களிடம் இருந்த சொல் அதுதான். மறுநாளே தோட்டத்து டிரைவர்கள் அதைப் பெயராக்கிவிட்டார்கள்.

வெளியே லொறி ஓடிக்கொண்டிருந்தது. இரவுக்கு நிறுத்த வேண்டும். நான் வழக்கம்போல இறக்கத்துப் பக்கம் திருப்பி, கல்லைத் தேடினேன்.

"முருகையா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"என்னாங்க பாஸ்?"

"அங்க வேணாம். சமமா இருக்கிற எடத்துல நிப்பாட்டு."